இருக்கன்குடியிலிருந்து சேப்பாக்கத்துக்கு!

விடுமுறை விட்டால் இருக்கன்குடிப் பிள்ளைகளுக்கு மைதானத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பக்கம் வைப்பாறு, இன்னொரு பக்கம் அர்ச்சுனா நதி. வற்றிக் கிடக்கும் மணலில் மூன்று குச்சியை நட்டால் கிரிக்கெட். கோடு கிழித்தால் கபடி. வேடிக்கை பார்க்க டிக்கெட் கிடையாது. கரையில் ஒரு மர நிழல் போதும்!

அதே விடுமுறையில் சென்னையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கோ, அத்தை வீட்டுக்கோ போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டலூர் உயிரியல் பூங்கா, மெரினா, தி.நகர் கடைத்தெரு என்று ஒரு பட்டியல் ஏற்கெனவே மனதில் இருக்கும். அதில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி தங்கைகளே. பெரிய மைதானம் ஒன்றில் உட்கார்ந்து, ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும்!

"அதைத்தான் டி.வி.யிலேயே பார்க்கிறோமே!" என்கிறீர்களா? டி.வி. காட்டாத விஷயங்கள் மைதானத்தில் எத்தனையோ உண்டு. ஆடுவதற்குத் திறமை வேண்டும் என்பது போல, ஆட்டம் பார்ப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். அது என்ன என்று தெரிந்துகொள்ளலாமா?

சாத்தூரில் இரவு ரயில் ஏறினால் பொழுது விடியும்போது சென்னை. பையில் ஒரு பொட்டலம் சாத்தூர் சேவு, ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். கிளம்புவோம்!

எழும்பூரில் ஒரு ஹாக்கி மைதானம்

எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி மைதானம். 2023 ஆகஸ்ட் மாதம் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டி இங்கேதான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் மலேசியாவும் மோதின. பாதி ஆட்டம் முடிந்தபோது மலேசியா 3, இந்தியா 1. "அவ்வளவுதான், போச்சு" என்று நினைத்து எழுந்து போனவர்கள் யாராவது இருந்தால், பாவம்! இந்தியா அடுத்தடுத்து கோல் போட்டு 3-3 என்று சமன் செய்தது. 60 நிமிட ஆட்டத்தின் 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்த கோல், கோப்பையை வாங்கித் தந்தது. 4-3!

இதே போட்டியின் லீக் சுற்றிலும் இந்தியா மலேசியாவைச் சந்தித்தது. அன்று இந்தியாவின் முதல் கோலை அடித்தவர் கார்த்தி செல்வம். அரியலூர்க்காரர். அவர் ஹாக்கி பழகியது எங்கே தெரியுமா? உங்கள் சாத்தூருக்குத் தெற்கே இருக்கும் கோவில்பட்டியில்! அரசின் விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்றவர். கரிசல் காட்டு ஊரில் மட்டை பிடித்துப் பழகிய ஒருவர், எழும்பூரில் இந்தியாவுக்காகக் கோல் அடித்தார். அந்தப் புல்வெளியைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆட்டம் பார்க்கச் சென்னை வரைதான் போக வேண்டும் என்பதும் இல்லை. 2025 நவம்பர், டிசம்பரில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியைச் சென்னையும் மதுரையும் சேர்ந்தே நடத்தின. 24 நாட்டு அணிகள் வந்தன. ஜெர்மனி கோப்பையை வென்றது, இந்தியாவுக்கு வெண்கலம். டி.என்.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்கள் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்திலும், திருநெல்வேலி சங்கர் நகரிலும் நடந்திருக்கின்றன.

சேப்பாக்கம் வந்தாச்சு!

எழும்பூரில் மெட்ரோ ரயில் ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால், சேப்பாக்கம் எம்.ஏ.சிதம்பரம் மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். சுமார் 38,000 பேர் உட்காரக்கூடிய மைதானம் இது. ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இந்தக் கூட்டம் ஒன்றும் பிரமிப்பாக இருக்காது. ஆனால், இத்தனை பேரும் ஒரே ஒரு பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேடிக்கை!

இந்தியாவின் மிகப் பழைய கிரிக்கெட் மைதானங்களில் இதுவும் ஒன்று. இங்கே முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது 1934 பிப்ரவரியில். அதே ஆண்டு நவம்பர் 4-ம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் இங்கேதான் தொடங்கியது. சென்னையும் மைசூரும் ஆடின. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது! 1932-ல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இந்தியா, முதல் வெற்றிக்காக இருபது வருடம் காத்திருந்தது. 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தைத் தோற்கடித்து அந்த வெற்றியைப் பெற்றதும் இதே சேப்பாக்கத்தில்தான். வினு மன்கட் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

முதலில் வெளிச்சம், பிறகு சத்தம்

உட்கார்ந்துவிட்டீர்களா? இப்போது ஒரு சோதனை. பேட்ஸ்மேன் பந்தை ஓங்கி அடிப்பதைக் கவனியுங்கள். மட்டை பந்தில் படுவது முதலில் கண்ணுக்குத் தெரியும். 'டொக்' என்ற சத்தம் ஒரு கணம் கழித்துத்தான் காதில் விழும்.

இது உங்களுக்குப் புதிதா என்ன? சிவகாசிப் பக்கம் பிறந்தவர்கள் தீபாவளி ராக்கெட்டில் பார்த்ததுதானே! வானத்தில் பூ விரிவது முதலில் தெரியும். 'டமார்' பிறகுதான் கேட்கும். ஒலி, நொடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரம்தான் போகும். ஒளியோ கண் இமைப்பதற்குள் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிவிடும். ஆடுகளத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், சத்தம் வந்து சேர ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு நேரம் ஆகும். டி.வி.யில் இந்த வித்தியாசம் தெரியாது. ஸ்டம்புக்குப் பக்கத்திலேயே மைக் இருக்கிறதே!

இன்னொன்று. டி.வி. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். மைதானத்தில் உங்கள் கண் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். பவுலர் மாறினால் ஃபீல்டர்கள் எங்கெங்கே நகர்கிறார்கள்? வேகப்பந்துக்கு விக்கெட் கீப்பர் எவ்வளவு தூரம் பின்னால் நிற்கிறார், சுழல்பந்துக்கு ஏன் ஸ்டம்பை ஒட்டி வந்துவிடுகிறார்? எதிர்முனையில் நிற்கும் பேட்ஸ்மேன் எப்போது ஓடத் தொடங்குகிறார்? கேப்டன் கையை அசைத்ததும் யார் இடம் மாறுகிறார்? ஒரு ஓவர் முழுக்கப் பந்தைப் பார்க்காமல், ஒரே ஒரு ஃபீல்டரை மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள். பந்து வராதபோதும் அவர் எத்தனை முறை முன்னால் வந்து பின்னால் போகிறார் என்று எண்ணுங்கள். அசந்துபோவீர்கள்!

கொண்டுவந்த நோட்டை எடுங்கள். ஓவருக்கு ஒரு கட்டம் போடுங்கள். ரன் இல்லையென்றால் புள்ளி. ரன் வந்தால் எண். வைடு என்றால் கூட்டல் குறி. விக்கெட் விழுந்தால் 'வி'. ஆட்டம் முடிந்ததும் அந்த நோட்டைப் புரட்டினால், ஆட்டம் எங்கே திரும்பியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு பந்து பாக்கி

கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்வதற்குச் சேப்பாக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

1986 செப்டம்பர். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட். சுட்டெரிக்கும் வெயில், வியர்வை கொட்டும் புழுக்கம். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கும் மேல் நின்று 210 ரன் அடித்தார். நடுநடுவே வாந்தி எடுத்தார்; ஆனாலும் ஆடினார். ஆட்டமிழந்த பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. இந்தியக் கேப்டன் கபில்தேவ் 119 ரன் அடித்துப் பதில் சொன்னார்.

ஐந்தாவது நாள், கடைசி ஓவர். இந்தியாவுக்கு 4 ரன் வேண்டும். கையில் இருப்பது ஒரே விக்கெட். இரண்டாவது பந்தில் ரவி சாஸ்திரி 2 ரன் எடுத்தார். மூன்றாவது பந்தில் 1 ரன். இரண்டு அணியின் மொத்த ரன்களும் சமம்! இன்னும் ஒரே ரன் எடுத்தால் வெற்றி. நான்காவது பந்தை மணிந்தர் சிங் தடுத்துவிட்டார். ஐந்தாவது பந்து அவர் காலில் பட்டது. எல்.பி.டபிள்யூ! ஒரு பந்து பாக்கி இருக்கும்போதே ஆட்டம் முடிந்துவிட்டது. யாருக்கும் வெற்றி இல்லை, யாருக்கும் தோல்வி இல்லை. 'டை'. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் 1960-ல் ஒரே ஒருமுறைதான் இப்படி நடந்திருந்தது. அதற்குப் பிறகு இந்தியாவில் எந்த டெஸ்டும் இப்படி முடிந்ததில்லை.

தோற்ற அன்று எழுந்து நின்றவர்கள்

ஆடியவர்களின் கதையைக் கேட்டோம். இனி, பார்த்தவர்களின் கதை.

1999 ஜனவரி. பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது. "வரவே கூடாது" என்று எதிர்ப்புக் கிளம்பியது. டெல்லி ஆடுகளத்தைச் சிலர் தோண்டியே போட்டுவிட்டார்கள். அதனால் முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. சேப்பாக்கத்தில் என்ன ஆகுமோ என்று எல்லோருக்கும் ஒரு பதற்றம்.

இந்தியா வெற்றி பெற 271 ரன் வேண்டும். தொடக்கத்தில் விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்தன. சச்சின் டெண்டுல்கர் முதுகுவலியோடு போராடினார். 136 ரன்! வெற்றிக்கு இன்னும் 17 ரன்தான். மைதானமே எழுந்து ஆர்ப்பரித்தது. அப்போது சக்லைன் முஷ்டாக் வீசிய பந்தில் சச்சின் கேட்ச் கொடுத்தார். அடுத்த மூன்று விக்கெட்டுகளும் 4 ரன்னுக்குள் பறிபோயின. 12 ரன் வித்தியாசத்தில் பாகிஸ்தான் வென்றது.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தொண்டை அடைத்திருக்கும், அழுகைகூட வந்திருக்கும்.

அங்கே இருந்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் மைதானம் முழுக்க மௌனம். பிறகு ஒருவர், இருவர் என்று கை தட்டத் தொடங்கினார்கள். கடைசியில் அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. கேப்டன் வாசிம் அக்ரமும் அவருடைய வீரர்களும் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வீரர்களில் பலர் பிற்காலத்தில் இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். 'சென்னை ரசிகர்கள் விவரம் தெரிந்தவர்கள்' என்று உலகம் பேசியது.

அன்று கை தட்டிய யாருக்கும் கோப்பை கிடைக்கவில்லை. அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால், ஸ்கோர் அட்டையில் இல்லாத அந்தக் கைதட்டலை இன்றைக்கும் பேசுகிறோம். பார்வையாளரும் ஆட்டத்தில் ஒரு பங்கு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

நம் அணி ஜெயிக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தலாம், தப்பே இல்லை. எதிரணிக்காரர் ஒரு நல்ல பந்து வீசினால், ஒரு நல்ல கேட்ச் பிடித்தால், அதற்கும் இரண்டு கைதட்டல் கொடுங்கள். ஆட்டத்தைப் புரிந்துகொண்டவர்தான் அதைச் செய்ய முடியும். இப்படிப் பார்க்கப் பழகிவிட்டால், நம் அணி தோற்ற நாளிலும் ஆட்டம் பார்த்த சந்தோஷம் குறையாது.

டிக்கெட் இல்லாமல் பார்க்கலாமா?

"ஐ.பி.எல். டிக்கெட் விலையைக் கேட்டாலே அப்பாவுக்குத் தலை சுற்றுகிறதே" என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களைப் பெரும்பாலும் இலவசமாகவே பார்க்க அனுமதிக்கிறார்கள்.  கூட்டம் குறைவு. வீரர்கள் பேசிக்கொள்வதுகூடச் சில சமயம் காதில் விழும்! சென்னை லீக் கிரிக்கெட் ஆட்டங்களைக் கல்லூரி மைதானங்களில் மர நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம். போவதற்கு முன் அன்றைய செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் எங்கே, எப்போது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடல் கிணறு இல்லை!

ஆட்டம் பார்த்தே கால் மரத்துவிட்டதா? சேப்பாக்கத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மெரினா. ஓடுங்கள், ஆடுங்கள், மணலில் வீடு கட்டுங்கள். சாயங்காலம் வீசும் கடற்காற்றுக்கு விலையே இல்லை.

ஆனால், ஒரு எச்சரிக்கை. கிணற்றில் மேலேயிருந்து குதித்து, ஆற்றில் நீந்திப் பழகிய பிள்ளைகளுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் தண்ணீர் உங்களை இழுக்கும். மெரினாவில் கரையிலிருந்து சில அடி தள்ளினாலே திடீரென்று ஆழம். கரைக்கு வந்த அலை திரும்பிப் போகும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இங்கே மூழ்கியிருக்கிறார்கள். குளிக்கக் கூடாது என்று போலீசார் எச்சரிப்பதும் இதனால்தான். பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு கால் நனைத்தால் போதும்.

ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரைக்குச் சில விருந்தாளிகள் வருவார்கள். பங்குனி ஆமைகள்! இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். மாணவர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு 1988-லிருந்து இந்த முட்டைகளைப் பாதுகாத்து வருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்தே முட்டைகளைத் தேடுவார்கள். பொதுமக்களையும் குறிப்பிட்ட நாட்களில் கூட அழைத்துப் போவார்கள். பெரியவர்கள் கூட வந்தால் நீங்களும் நடக்கலாம். டார்ச் அடிக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. இங்கேயும் பார்ப்பதற்கு ஒரு திறமை வேண்டும், பார்த்தீர்களா?

பகலில் நடக்க ஆசையா? கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போங்கள். அதை ஒட்டியே கிண்டி தேசியப் பூங்கா. நகரத்துக்கு நடுவில் 2.7 சதுர கிலோமீட்டர் காடு! அங்கே புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. முறுக்கிய கொம்புள்ள இந்த வெளிமானுக்குத் தெற்கேயும் ஓர் ஊர் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடுதான் அது.

புறப்படும் முன் ஒரு நிமிடம்!

* தீப்பெட்டி, பட்டாசு எதையும் மைதானத்துக்குள் விடமாட்டார்கள். பையிலோ சட்டைப் பையிலோ மறந்துபோய் ஒரு கம்பி மத்தாப்பு கிடந்தாலும் வாசலிலேயே மாட்டிக்கொள்வீர்கள், சிவகாசித் தம்பிகளே!

* பெரிய பை, தண்ணீர் பாட்டில், சாப்பாடு ஆகியவற்றுக்கும் பெரிய ஆட்டங்களில் தடை இருக்கும். சேவுப் பொட்டலத்தை வெளியிலேயே காலி செய்துவிடுங்கள்.

* தொப்பி அவசியம். உள்ளே போனதும் குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 6-ம் தேதி மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி பார்க்கப் பல லட்சம் பேர் கூடினார்கள். வெயிலும் நெரிசலும் தாங்காமல் பலர் மயங்கினார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினால் உடனே கூட வந்தவரிடம் சொல்லுங்கள்.

* வீட்டுப் பெரியவரின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். தொலைந்துபோனால் எந்த இடத்தில் சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். கோயில் திருவிழாவில் அம்மா சொல்லித் தருவது போலத்தான் இதுவும்.

* ஆட்டம் முடிந்ததும் முண்டியடிக்க வேண்டாம். பத்து நிமிடம் இருக்கையிலேயே இருங்கள். நோட்டில் கடைசி ஓவரை எழுதி முடிப்பதற்கு அந்த நேரம் சரியாக இருக்கும். அதற்குள் வாசலில் கூட்டம் குறைந்துவிடும்.

என்ன, நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்தாச்சா?